மணற்பாறையில் ஏறுவோர் கவனத்துக்கு

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் உள்ள ஹாரிசன்ஸ் ராக்ஸ் மணற்பாறைகளுக்கு மேலோடு மட்டும்தான் கெட்டி. அது பெயர்ந்துவிட்டால் உள்ளே இருப்பது எளிதில் உதிரும் மென்மணல். விளிம்பில் உரசி ஓடும் கயிறு ரம்பம் போல அதை அறுத்துவிடும். அப்படி விழுந்த பள்ளங்களைப் பூசிச் செப்பனிடுபவர்கள் அங்கே ஏற வரும் தன்னார்வலர்களே.

அவர்களுடைய வேலையைக் குறைக்க ஒரு வழி உண்டு. மேலே உள்ள பிடிமானத்தில் நீட்சியில்லாத கயிற்றைக் கட்டி, அதில் மாட்டிய காராபைனர் (கயிறு ஓடும் உலோக வளையம்) பாறை விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கும்படி விடுங்கள். ஏறுகயிறு அந்தக் காராபைனருக்குள் மட்டுமே ஓட வேண்டும். விளிம்பைத் தொடவே கூடாது. கட்டிய கயிற்றுக்கு அடியில் தடித்த கம்பளத் துண்டு ஒன்றை வைத்தால் இன்னும் நல்லது.

மழைக்குப் பிறகு அவசரப்படாதீர்கள். ஈர மணற்பாறை வலுவிழந்திருக்கும். மேற்பரப்பு காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். பிடி உடைந்தால் மறுபடி முளைக்காது! கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக்குத்தூள் (சாக்பீஸ் போன்ற வெள்ளைத் தூள்) பாறையில் ஒட்டியிருந்தால் மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். கம்பி பிரஷ்ஷை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பாதை சேறாக இருந்தால் நடுவிலேயே மிதித்துச் செல்லுங்கள். ஓரமாக ஒதுங்கி நடப்பதால்தான் பாதை அகன்று, மரவேர்கள் வெளியே தெரிகின்றன. ஷூவைக் கழுவிக்கொள்ளலாம்.