ஜெர்மனியில் புலம்பெயர்வு ஆய்வு படிப்பவர்கள் இன்டர்ன்ஷிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனிக்குப் புலம்பெயர்வு ஆய்வில் மாஸ்டர்ஸ் படிக்க வரும் நம் பிள்ளைகள் பலர், பத்து வருடத்துக்கு முன்பு எங்கள் செட் இடறி விழுந்த அதே இடங்களில் இன்றும் இடறுகிறார்கள். அகதிகளுக்கும் புதிதாகக் குடியேறியவர்களுக்கும் ஆலோசனை தரும் ஒரு மையத்தில் வேலை பார்க்கிறேன். இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் விண்ணப்பங்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் என் மேசைக்குத்தான் வரும். சிவி நீளமாகப் போவது, கடைசித் தேதியைத் தவறவிடுவது போன்றவற்றை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். பார்த்தால் தவறாகவே தெரியாத சிலவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஐ.நா.வை மட்டும் குறிவைப்பது

எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறாய் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் யு.என்.எச்.சி.ஆர். (ஐ.நா.வின் அகதிகள் அமைப்பு), ஐ.ஓ.எம். (ஐ.நா.வின் புலம்பெயர்வு அமைப்பு) என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுக்கும் தலைமையகம் ஜெனீவா. அமெரிக்க நிதி வெட்டுக்குப் பிறகு 2025இல் யு.என்.எச்.சி.ஆர். சுமார் 3,500 பணியிடங்களைக் குறைத்தது. ஐ.ஓ.எம்.மிலும் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அங்கிருந்து வெளியே வந்த அனுபவசாலிகளும் இப்போது வேலை தேடுகிறார்கள் என்பதை மனதில் வையுங்கள். ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்களுக்குச் சம்பளமே கிடையாது. இந்த இரண்டு அமைப்புகளும் உதவித்தொகை தருகின்றன என்றாலும், ஜெனீவா வாடகைக்கு முன்னால் அது நிற்காது. ஜெர்மனியில் படிப்பதற்கான அனுமதியை வைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கவும் முடியாது. அதற்கான ஏற்பாடு தனி.

விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நிறுத்தாதீர்கள். காரித்தாஸ், டியாகோனி, ஆவோ என்ற மூன்று பெரிய தொண்டு அமைப்புகளும் நாடு முழுவதும் குடியேறியோருக்கான ஆலோசனை மையங்களை நடத்துகின்றன. ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் அகதிகள் பேரவை உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டில் 1986 முதல் இயங்கும் ப்ரோ அசூல் என்ற அகதிகள் உரிமை அமைப்பு இருக்கிறது. ஆய்வுப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு பெர்லினில் டேட்ஸிம் ஆய்வு நிறுவனம், நியூரம்பெர்க்கில் பாம்ஃப் என்று எல்லாரும் அழைக்கும் குடிபெயர்வு அலுவலகத்தின் ஆய்வு மையம், ஆஸ்னாப்ரூக்கில் 1991இல் தொடங்கிய இமிஸ் என்ற பல்கலைக்கழகப் புலம்பெயர்வு ஆய்வு நிறுவனம் எனப் பல கதவுகள் இருக்கின்றன. உங்கள் ஊர் நகராட்சியில் குடியேறியோரைக் கவனிக்கும் ஒருங்கிணைப்புப் பிரிவைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஒரு சட்டம் மேலேயிருந்து இறங்கி ஒரு குடும்பத்தின் சமையலறைவரை எப்படி வந்து சேர்கிறது என்பதை அங்கே பார்ப்பதுபோல் வேறெங்கும் பார்க்க முடியாது.

கட்டாயமா, விருப்பமா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இந்த ஒன்றுதான். எத்தனை முறை சொல்லியும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜெர்மன் சட்டத்தில் மாணவர்களுக்கு இரண்டு வகை இன்டர்ன்ஷிப் இருக்கிறது. உங்கள் படிப்பின் தேர்வு விதிகளிலேயே இத்தனை வாரம் செய்தே ஆகவேண்டும் என்று எழுதியிருந்தால் அது கட்டாய இன்டர்ன்ஷிப், ஃப்ளிஷ்ட்பிராக்டிகும். மற்றதெல்லாம் விருப்ப இன்டர்ன்ஷிப். பேராசிரியர் செய்யச் சொன்னார், சீனியர்கள் எல்லாரும் செய்தார்கள், விதிகளில் "பரிந்துரைக்கப்படுகிறது" என்று இருக்கிறது, இவை எதுவும் கட்டாயம் ஆகாது.

கட்டாய இன்டர்ன்ஷிப்புக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆண்டுக்கு இத்தனை நாள்தான் வேலை என்ற வரம்பிலும் அது சேராது. விருப்ப இன்டர்ன்ஷிப் இரண்டிலும் இடிக்கும். மூன்று மாதம்வரை குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டியதில்லை. அதைத் தாண்டி ஒப்பந்தம் போட்டால் முதல் நாளிலிருந்தே தரவேண்டும். 2026இல் அது மணிக்கு 13.90 யூரோ. முழுநேரத்துக்குக் கணக்குப் போட்டால் மாதம் சுமார் 2,400 யூரோ வருகிறது. திட்ட நிதியில் ஓடும் சிறிய அமைப்புகள் எதனாலும் ஓர் இன்டர்னுக்கு இதைக் கொடுக்க முடியாது.

மதுரையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு பெர்லினில் ஓர் அமைப்பில் ஆறு மாத இடம் கிடைத்தது. மாதம் 400 யூரோ. "அக்கா, கான்ட்ராக்ட் சைன் பண்ணியாச்சு" என்று சந்தோஷமாக போன் செய்தாள். "உன் படிப்பில் அது கட்டாயமா?" என்று கேட்டேன். "எல்லாரும் செய்றாங்க அக்கா, கட்டாயம்தான்" என்றாள். மாணவர் விடுதி அறையைக் காலி செய்தாள், பெர்லினில் அட்வான்ஸ் கட்டினாள். வேலை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது அந்த அமைப்பின் கணக்குப் பிரிவு பல்கலைக்கழகக் கடிதம் கேட்டது. தேர்வு அலுவலகமோ, விதிகளில் இன்டர்ன்ஷிப் பரிந்துரை மட்டுமே, கட்டாயம் என்று எழுதித்தர முடியாது என்று சொல்லிவிட்டது. ஆறு மாதத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் தர அமைப்பிடம் பணம் இல்லை. மூன்று மாதமாகக் குறைக்கவும் அவர்கள் இசையவில்லை. இடம் போயிற்று. விடுதி அறை வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது, திரும்பக் காத்திருப்போர் பட்டியலின் வால்முனையில் நின்றாள். அந்தக் கடிதத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்காத அமைப்பின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அமைப்புக்கு எந்த நட்டமும் இல்லை. அறை போனது அவளுக்கு.

அடுத்தது நாள் கணக்கு. 2024 மார்ச் முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்கள் ஒரு காலண்டர் ஆண்டில் 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யலாம். அதற்கு முன்பு 120, 240 என்று இருந்தது. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு அந்த எண்ணையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சம்பளமே இல்லாத விருப்ப இன்டர்ன்ஷிப்பும் இந்தக் கணக்கில் கழியும். "காசு வாங்கலையே, அது எப்படி வேலையாகும்?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஆகும். வார இறுதியில் பேக்கரியில் நிற்கும் நாளும் அதே கணக்கில்தான் சேரும்.

புதிய விதியில் ஒரு நல்ல வசதி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. செமஸ்டர் விடுமுறையில் எத்தனை மணிநேரம் வேலை செய்தாலும் ஒரு வாரத்துக்கு இரண்டரை நாள்தான் கழியும். பாடம் நடக்கும் வாரங்களில் இருபது மணிநேரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு நாளும் தனித்தனியாகக் கழியும். 12 வார முழுநேர இன்டர்ன்ஷிப்பை செமஸ்டருக்குள் செய்தால் 60 நாள் போகும், விடுமுறையில் செய்தால் 30. கணக்கு ஜனவரியில் புதிதாகத் தொடங்குகிறது, ஆண்டு முடிவைத் தாண்டி நீளும் வேலை இரண்டு ஆண்டுகளில் பிரிந்துவிடும். பல்கலைக்கழகத்திலேயே ஆய்வு உதவியாளராக, இங்கே ஹிவி என்பார்கள், வேலை கிடைத்தால் அது 140இல் சேரவே சேராது. நம் துறைக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

எனவே விண்ணப்பம் எழுதும் முன்பே தேர்வு விதிகளின் பிடிஎஃப்பைத் திறந்து பிராக்டிகும் (Praktikum, இன்டர்ன்ஷிப்) என்ற சொல்லைத் தேடுங்கள். எத்தனை வாரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் என்றால் எட்டு வாரம்தான் கட்டாயம், மிச்சம் விருப்பம். தேர்வு அலுவலகத்திடம் வாரங்களைக் குறிப்பிட்டு கடிதம் வாங்கி, ஒப்பந்தத்திலும் அதே வாரங்களை எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டுத் தெரிந்துகொண்டதை இதற்கு ஆதாரமாக எடுக்காதீர்கள், அங்கே பதில் சொல்பவர் வேறு பல்கலைக்கழகத்தில் வேறு விதியில் படித்தவராக இருப்பார். விருப்ப இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயம் என்று காட்டும் கடிதத்தை நீங்களே தயார் செய்துவாருங்கள் என்று எந்த அமைப்பு கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிடிபட்டால், தங்கும் அனுமதி தரும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பார்க்காமல் விடுவது

பாடத்திட்டத்திலேயே இன்டர்ன்ஷிப் இருக்கும் படிப்பை எடுத்தால் மேலே சொன்ன தலைவலியில் பாதி குறையும். ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் எம்மிர் என்ற புலம்பெயர்வு மாஸ்டர்ஸ் அப்படிப்பட்டது, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகின்றன. அந்த உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். உதவித்தொகை இல்லாமல் வருகிறவர்கள், விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்டிவிட்டு மாதம் 992 எடுப்பார்கள். வேறு ஊரில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப், இரண்டு இடத்தில் வாடகை என்று வந்தால் அந்த 992 எத்தனை நாள் தாங்கும் என்று சேரும் முன்பே கணக்குப் பாருங்கள்.

ஆங்கிலம் போதும் என்று நம்புவது

ஆய்வு நிறுவனத்தில் ஓரளவு ஓடும். ஆலோசனை மையத்தில் ஓடாது. ஜெர்மன் மொழியில் குறைந்தது பி1 நிலை வேண்டும், முடிந்தால் அதற்கு மேல்நிலையான பி2.

தமிழில் மொழிபெயர்த்துக் கூலி வாங்குவது

இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் கோருபவர்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எப்போதும் தேவை. ஒரு மணிநேரத்துக்கு இவ்வளவு என்று ஹோனரார், அதாவது கட்டணம், தருகிறோம், பில் அனுப்பு என்று உங்களைக் கேட்பார்கள். உதவியாகவும் இருக்கும், கையில் காசும் வரும் என்று ஒப்புக்கொள்கிறார்கள். பில் போட்டுப் பணம் வாங்குவது சுயதொழில். மாணவர் அனுமதியோடு வரும் இணைப்புத் தாளை எடுத்துப் படியுங்கள், சுயதொழிலுக்கு அனுமதியில்லை என்று அதிலேயே இருக்கும். அந்த வேலை வேண்டுமென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், அல்லது பணியாளராக ஒப்பந்தம் போடச் சொல்லுங்கள்.

ஆலோசனைக்கு வருபவர்களையே தீசிஸுக்குப் பேட்டி எடுப்பது

நம் மாணவர்களுக்கு இங்கே தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது, மொழி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், எங்கள் இன்டர்ன் தமிழில் பேசியதைக் கேட்டதும், "எங்கட பிள்ளை மாதிரி இருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, வழக்கறிஞரிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னார். அன்று மாலையே "இதை தீசிஸில் சேர்க்கலாமா?" என்று என்னிடம் வந்து நின்றாள். கூடாது என்றேன். அவர் பேசியது ஆய்வாளரிடம் அல்ல. பாம்ஃபின் தஞ்ச விசாரணையில் அவர் சொன்ன தேதிகளில் ஒன்று பிசகினாலும் வழக்கு சாயும் நிலை. அந்த நேரத்தில் இன்னொரு எழுத்துப் பதிவு எங்கோ இருப்பதே அவருக்கு ஆபத்து. எதிரே உட்கார்ந்திருப்பவர் உதவிக்கு வந்தவரா, கேள்வி கேட்க வந்தவரா, அரசாங்கத்தின் ஆளா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியாது. உங்களிடம் முடியாது என்று சொன்னால் ஆலோசனை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயமும் அவருக்கு இருக்கும். அந்த நிலையில் அவர் தரும் சம்மதத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

களம் வேண்டுமென்றால் ஆலோசகர்களைப் பேட்டி எடுங்கள், நடைமுறையை ஆராயுங்கள். மக்களிடம்தான் பேச வேண்டும் என்றால் வேறு ஊரில், வேறு வழியில், நீங்கள் யாருக்கும் எதுவும் தரும் இடத்தில் இல்லாதபோது பேசுங்கள்.

சான்றிதழைக் கடைசி நாளில் கேட்பது

மூன்று வாரம் முன்பே கேளுங்கள். செய்த வேலைகளைப் பட்டியலிட்டு நீங்களே கொடுங்கள்.

பட்டம் வாங்கிய பிறகு இன்டர்ன்ஷிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும், அதில் எந்த வேலையும் செய்யலாம். இதை நம்பி, தீசிஸை வேகமாக முடித்துவிட்டு அப்புறம் நிதானமாக இன்டர்ன்ஷிப் செய்யலாம் என்று திட்டமிடுகிறார்கள். மாணவர் என்ற நிலை போனதும் அந்த மூன்று மாதச் சலுகையும் போய்விடும். பட்டதாரியை இன்டர்னாக எடுத்தால் முதல் நாளிலிருந்தே குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும், எங்களைப் போன்ற மையங்கள் பெரும்பாலும் மறுத்துவிடும். இன்டர்ன்ஷிப் பாக்கி இருந்தால் தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் அதை முடியுங்கள். இன்னொரு செமஸ்டருக்குப் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டிவந்தாலும் பரவாயில்லை, பயணச்சீட்டோடு சேர்த்துப் பெரும்பாலும் சில நூறு யூரோவுக்குள் அடங்கிவிடும்.