42ஆவது செக்கனில வீடியோ நிக்குதில்லையா? ஸ்டோரிலைன் பாடத்தில ஜாவாஸ்கிரிப்ட் பிழை பிடிக்கிற விதம்

பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்துக்கு ஸ்டோரிலைன் எண்ட, கணினிப் பாடம் செய்யிற மென்பொருளில பாடம் ஒண்டு செய்து குடுத்தனான். ஒளிச்சேர்க்கை வீடியோ ஓடிக்கொண்டு போய் 42ஆவது செக்கனில தானா நிண்டு கேள்வி வரோணும், பிள்ளை விடை சொன்னாப் பிறகு மிச்சம் ஓடோணும், அதுக்கு ஜாவாஸ்கிரிப்டில கோட் எழுதியிருந்தனான். கொக்குவில்ல என்ர வீட்டில எத்தினை தரம் போட்டாலும் வடிவா நிண்டது. வடமராட்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில போன் டேட்டாவில போட்டா நிக்கவே இல்லை. ரீச்சர் கோல் எடுத்து "தம்பி, வீடியோ தன்ர பாட்டுக்குப் போகுது, கேள்வியைக் காணேல்லை" எண்டா.

இப்பிடி வந்தா உடன கோட்டைத் திருத்த வெளிக்கிடாதேங்கோ. முதல் பப்ளிஷ் பண்ணி ஒரு சேர்வரில ஏத்துங்கோ, பிரிவியூவில பாத்து முடிவெடுக்காதேங்கோ. குரோமில எஃப் 12 அமத்தி பிழைகளைக் காட்டுற கொன்சோலைத் திறந்து வைச்சுக்கொண்டு ஸ்லைடை ஓட விடுங்கோ. வட்சப்பில வந்த கோட்டை அப்பிடியே ஒட்டியிருந்தா மேற்கோள் குறி வளைஞ்சு கிடக்கும், சின்டாக்ஸ் எரர் எண்டு சிவப்பில வரும், கையால திருப்பி அடிச்சாச் சரி.

என்ர கேசில கொன்சோல் சொன்னது வேற: வீடியோ இருக்கவேண்டிய இடத்தில "நல்", எண்டா ஒண்டும் இல்லை. ஸ்லைடு திறந்து 500 மில்லிசெக்கன் கழிச்சு வீடியோவைத் தேடு எண்டு செற்டைம்அவுட் போட்டிருந்தனான், என்ர வீட்டு ஃபைபருக்கு அது காணும், டேட்டா இழுபடுற இடத்தில அந்த நேரம் வீடியோ பேஜுக்குள்ள வந்தே இருக்காது. 500ஐ 2000 ஆக்கினா இன்னும் மெதுவான இடத்தில திருப்பியும் அதே கதை தான், அதால தயவுசெய்து நம்பரைக் கூட்டாதேங்கோ. செற்இன்டர்வலால 100 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா வீடியோ வந்திட்டுதோ எண்டு பாத்து, வந்த உடன இன்டர்வலை நிப்பாட்டிப் போட்டு வேலையைத் தொடங்குங்கோ. நல் வந்துகொண்டே இருந்தா வீடியோ வெப் ஒப்ஜெக்டா (ஸ்லைடில பதிச்ச வெப் பேஜ்) ஐஃப்ரேமுக்குள்ள (பேஜுக்குள்ள இருக்கிற இன்னொரு பேஜ்) இருக்குதோ எண்டு பாருங்கோ, வெளியில நிண்டு தேடினா அது அம்பிடாது. ஒரு ஸ்லைடில ரெண்டு வீடியோ இருந்தா, வீடியோவைத் தேடுற குவெரிசெலக்டர் முதலாவதை மட்டும் தான் எடுக்கும், அதையும் கவனியுங்கோ.

வீடியோ அம்பிட்டும் நிக்கேல்லை எண்டா நேரத்தைப் பாருங்கோ. நான் வீடியோ ஓடேக்க அடிக்கடி வாற டைம்அப்டேட் ஈவென்டில கரன்ட்டைமை (வீடியோ இப்ப எத்தினையாவது செக்கனில நிக்குது எண்டதை) கொன்சோலுக்கு எழுத விட்டனான், 41.87 வந்துது, அடுத்தது 42.12. நடுவில 42 எண்ட ஒண்டு வரவே இல்லை! அந்த ஈவென்ட் கால் செக்கனுக்கு ஒருக்கா அளவில கூட வரலாம், அதால சரியா 42 தானோ எண்டு கேட்டா சும்மா கடந்து போயிடும். 42 அல்லது அதுக்கு மேல எண்டு கேளுங்கோ, ஒருக்கா நிப்பாட்டின உடன "நிப்பாட்டியாச்சு" எண்டு ஒரு வேரியபிளில குறிச்சு வையுங்கோ, இல்லாட்டி பிள்ளை விடை சொன்னாப் பிறகும் ஓட விடாமத் திருப்பித் திருப்பி நிப்பாட்டிக்கொண்டு நிக்கும். பிள்ளை பின்னால இழுத்துத் திருப்பிப் பாத்தாக் கேள்வி மறுபடி வரோணும் எண்டா அந்தக் குறியை அழிக்கவும் மறக்காதேங்கோ.

வீடியோ நிண்டும் கேள்வி லேயர் (ஸ்லைடுக்கு மேல வாற படலம்) வரேல்லையா? கோட்டில கெற்பிளேயரால ஸ்டோரிலைன் பிளேயரை எடுத்து செற்வாரால ஒரு வேரியபிளை மாத்தி, "வேரியபிள் மாறி ட்ரூ எண்டா லேயரைக் காட்டு" எண்ட ட்ரிகரால தான் அதைத் திறக்கிறம். பெறுமதி உண்மையா மாறினாத்தான் ட்ரிகர் வேலை செய்யும். ஏற்கனவே ட்ரூவா இருக்கிறதைத் திரும்ப ட்ரூ ஆக்கினா ஒண்டும் நடக்காது, லேயர் மூடேக்க ஃபால்ஸ் ஆக்கி விடுங்கோ. வேரியபிள் பேரில பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் வேலை செய்யாது.

வீடியோ தொடங்கவே இல்லை எண்டா அது பிரவுசர் மறிக்கிறது. 2018 ஏப்ரலில வந்த குரோம் 66இல இருந்து, ஆக்கள் பேஜைத் தொடாம சத்தத்தோட வீடியோவைத் தானா ஓட அது பெரும்பாலும் விடாது. வீடியோவை ஓட விடுற பிளே ஒரு ப்ராமிஸ் (ஓடிச்சுதோ இல்லையோ எண்டு பிறகு சொல்லுறது) தான் திருப்பித் தரும், பிழையைப் பிடிக்க கட்ச் போட்டுப் பாருங்கோ, நொட்அலவுட்எரர் எண்டா "தொடங்கு" பட்டன் ஒண்டு வைச்சு அந்தக் கிளிக்குக்குள்ளயே பிளேயைக் கூப்பிடுங்கோ. அபோர்ட்எரர் எண்டா பிளே முடியிறதுக்குள்ள நீங்களே போஸ் குடுத்திட்டியள், ப்ராமிஸ் முடியுமட்டும் பொறுங்கோ. மூடில் எண்ட இணையப் பாடத் தளத்தில வேற டொமைனில இருந்து வாற ஐஃப்ரேம் எண்டா அந்த ஐஃப்ரேமுக்கு ஓட்டோபிளே அனுமதியும் குடுக்கோணும். ஐபோனில, வீடியோவைப் பேஜுக்குள்ளயே ஓட வைக்கிற பிளேஸ்இன்லைன் இல்லாட்டி வீடியோ ஃபுல்ஸ்க்ரீனுக்குப் போய்க் கேள்வியை மறைச்சிடும்.

கடைசியா ஒண்டு, என்ர ரெண்டு இரவைத் திண்டது. கரன்ட்டைமை 30க்கு வைச்சா வீடியோ திருப்பி 0க்கே ஓடிச்சுது, கோட்டில ஒரு பிழையும் இல்லை. சேர்வர் ரேஞ்ச் ரிக்வெஸ்டை (ஃபைலின்ர ஒரு துண்டை மட்டும் கேக்கிறதை) ஏத்துக்கொள்ளேல்லை, அது தான் விசயம். நெற்வேர்க் டப்பில வீடியோ ஃபைலைப் பாருங்கோ, 206 (துண்டு வந்தது) வரோணும், 200 (முழு ஃபைலும் வந்தது) வந்தாச் சந்தேகப்படுங்கோ. பைத்தனோட வாற சின்ன எச்டிடிபி சேர்வரில வைச்சு டெஸ்ட் பண்ணினா இது தான் நடக்கும், ரேஞ்ச் தெரிஞ்ச வேற சேர்வருக்கு மாத்தின உடன என்ர வீடியோ 30இல போய் நிண்டுது.