வெர்தோன் கேன்யனுக்கும் மலைக்கும் நடக்கப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

பிரான்ஸ்ல தெக்குப் பக்கம், நீஸ்லயிருந்தும் போகலாம் மார்செய்லயிருந்தும் போகலாம், வெர்தோன் ரீஜனல் நேச்சர் பார்க்னு ஒன்னு இருக்கு. 1997ல அறிவிச்சாங்க. சுண்ணாம்புப் பாறைய வெர்தோன் ஆறு அறுத்து அறுத்து சில இடத்துல 700 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி வச்சிருக்கு, இந்தப் பள்ளத்தத்தான் கேன்யன்ங்குறாங்க. மேல ரோட்டோரமா கார நிறுத்திட்டு கம்பியப் பிடிச்சு எட்டிப் பாத்தா, கீழ பச்சையும் நீலமுமா கலந்த கலர்ல ஆறு ஒரு கோடு மாதிரி தெரியும். பாத்த உடனே கீழ இறங்கணும்னு ஆசை வரும், அது தப்பே இல்ல, கண்டிப்பா இறங்கிப் பாக்க வேண்டிய இடம்தான். ஆனா லீவுக்கு பாரிஸ்ல இருந்து வர்ற நம்மாளுங்க நிறைய பேர் ஒரு செருப்பு, அரை லிட்டர் தண்ணி பாட்டில், கைல குழந்தைன்னு இறங்குறதப் பாக்குறப்ப பகீர்னு இருக்கு, அதனாலதான் இவ்ளோ எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம் மண்டைல ஏறணும். மலை உச்சிக்குப் போறப்ப கஷ்டம் முன்னாடியே வந்துரும். மூச்சு வாங்குது, கால் வலிக்குது, முடியலன்னா திரும்பிடலாம், திரும்புற வழி இறக்கம்தான். கேன்யன்ல அப்படியே தலைகீழ். காலைல குளிர்ச்சியா இருக்கும், இறக்கம், எல்லாரும் சிரிச்சு பேசிட்டு ஜாலியா இறங்கிடுவாங்க, ஏத்தம் வர்றது மத்தியானம் மூணு மணிக்கு, வெயில் உச்சத்துல, தண்ணி தீந்தப்புறம். அங்க மாட்டிக்கிறவங்கள்ல பாதி பேர் இத யோசிக்காம இறங்குனவங்கதான்னு நான் நினைக்கிறேன்.

அடுத்தது பார்க்குங்குற பேர நம்பி ஏமாறுறது. நம்ம ஊர்ல காட்டுக்குள்ள போனா வனத்துறை செக்போஸ்ட் இருக்கும், பேர் எழுதிக்குவாங்க, கைடு கூட வருவாரு. இங்க கேட்டும் கிடையாது டிக்கெட்டும் கிடையாது. ரீஜனல் பார்க்னா ஊர் இருக்கும், ஆட்டுக் கிடை இருக்கும், தனியார் நிலமும் இருக்கும், எல்லாம் சேந்ததுதான். நீங்க உள்ள போனது யாருக்கும் தெரியாது, வெளிய வரலன்னாலும் யாருக்கும் தெரியாது. அதனால ரூம்லயோ சொந்தக்காரங்க கிட்டயோ எந்த வழில போறோம், எத்தன மணிக்கு வந்துருவோம்னு சொல்லிட்டுத்தான் கிளம்பணும்.

இப்ப ப்ளான்-மார்தெல் பாதைக்கு வருவோம், ஏன்னா முக்கால்வாசி பேர் அதுக்குத்தான் வர்றாங்க. 1905ல மார்தெல்ங்குற குகை ஆராய்ச்சியாளரும் ரூகோன் ஊர் வாத்தியார் இசிதோர் ப்ளானும் இன்னும் சிலரும் சேந்து இந்தப் பள்ளத்துக்குள்ள இறங்கி ஆத்தோடயே போனாங்க, அவங்க பேர்தான் பாதைக்கு. லா மலீன்ல ஆரம்பிச்சு புவான் சுப்லீம்ல முடியும், சுமார் 15 கிலோமீட்டர். 15 கிலோமீட்டர்தானே, மூணு மணி நேரத்துல முடிச்சிடலாம்னு மேப் ஆப்பப் பாத்து முடிவு பண்றதுதான் பெரிய தப்பு. பழக்கம் இருக்கவங்களுக்கே ஆறேழு மணி நேரம் ஆகும். ஏறி இறங்கி ஏறி இறங்கி, நடுவுல ப்ரெஷ் அம்பேர்னு ஒரு இடத்துல பாறை இடுக்குல செங்குத்தா இரும்புப் படி, மொத்தம் 252. லீவு நாள்ல அங்க க்யூ நிக்கும், எதிர்ல ஏறி வர்றவங்களும் இருப்பாங்க, கைல ஸ்டிக்கோ போனோ வச்சுக்கிட்டு இறங்காதீங்க, எல்லாத்தையும் பைல போட்டுட்டு ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிங்க, செங்குத்தா இருக்க இடத்துல படியப் பாத்தாப்ல திரும்பி இறங்குனா பயம் குறையும். நாயக் கூட்டிட்டுப் போறத மறந்துருங்க, கம்பிப் படில அதோட பாதம் மாட்டிக்கும், தூக்கிட்டு இறங்கவும் முடியாது.

அந்தப் படி தாண்டி வந்து கடைசி நேரத்துல டனல் வரும். அந்தக் காலத்துல மின்சாரத்துக்கு தண்ணி கொண்டு போக வெட்டி, திட்டத்தையே பாதில கைவிட்டுட்டாங்க. பெருசுக்கு பாவூன்னு பேர், அதுவே 670 மீட்டர் இருக்கும். உள்ள போனா உங்க கையே உங்களுக்குத் தெரியாது, தரைல தண்ணி தேங்கி நிக்கும், அடில கல்லு. போன் லைட் போதும்னு வந்துடுறாங்க, அதுக்குள்ள அஞ்சு மணி நேரம் போட்டோ எடுத்து சார்ஜ் பத்து பர்சென்ட்ல நிக்கும். தலைல மாட்டுற லைட் ஆளுக்கு ஒன்னு வேணும், குடும்பத்துக்கு ஒன்னு இல்ல. டனல விட்டு வெளிய வந்து முடிஞ்சுருச்சுன்னு உக்காந்தீங்கன்னா, அங்கிருந்து புவான் சுப்லீமுக்கு இன்னொரு ஏத்தம் பாக்கி இருக்கு, நான் மேல சொன்ன அதே கதைதான்.

இதுல இன்னொன்னு, ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பி வர்ற பாதை இல்ல இது. காரு லா மலீன்ல நிக்கும், நீங்க புவான் சுப்லீம்ல நிப்பீங்க. சீசன்ல ஷட்டில் பஸ் ஓடும், அதோட டைம முந்தின நாளே பாத்து வச்சுக்கணும். நான் சொல்ற வழி, கார முடியுற இடத்துல போட்டுட்டு காலைல முதல் பஸ்ஸப் பிடிச்சு ஆரம்பிக்கிற இடத்துக்குப் போயிடுங்க. அப்ப சாயங்காலம் கடைசி பஸ் போயிருமேன்னு ஓட வேண்டியதில்ல, கால் மடங்குறது அந்த ஓட்டத்துலதான். பாறை விழுந்து பாதைய மூடுறதும் உண்டு, அதனால பாதை திறந்திருக்கான்னு காஸ்தெலான்லயோ மூஸ்தியேலயோ டூரிஸ்ட் ஆபீஸ்ல கேட்டுக்கிட்டு கிளம்புங்க.

தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர். வெயில் காலத்துல இதுக்குக் குறைச்சு எடுக்காதீங்க. வழில குழாய் கிடையாது, பக்கத்துல ஆறு ஓடுதேன்னு அள்ளிக் குடிக்கிற தண்ணியும் இல்ல அது.

ஆறுன்னு சொன்னதும், இதுதான் உயிருக்கே ஆபத்தான தப்பு, கொஞ்சம் நிதானமா படிங்க. மேல காஸ்தியோன், ஷோதான்னு ரெண்டு டேம் இருக்கு. கரண்ட் தேவைக்குத் தகுந்த மாதிரி தண்ணி திறந்து விடுவாங்க. வானத்துல ஒரு மேகம் இருக்காது, மழை வாடையே இருக்காது, ஆனா முழங்கால் அளவு இருந்த தண்ணி கொஞ்ச நேரத்துல இடுப்புக்கு மேல போயிடும். நடந்து அக்கரைக்குப் போயி பாறைல உக்காந்து சாப்பிடுறவங்க திரும்பி வர முடியாம நிப்பாங்க. கரையோரமா எச்சரிக்கை போர்டு வச்சிருக்காங்க, பிரெஞ்சு தெரியலன்னாலும் படத்தப் பாத்தாலே புரியும். உக்காந்திருக்க மணல் திட்டு சுருங்குதா, சத்தம் கூடுதா, தெளிவா இருந்த தண்ணி கலங்குதான்னு கவனிச்சுட்டே இருங்க, ஒன்னு மாறுனாலும் பைய எடுத்துட்டு உடனே பாதைக்கு மேல ஏறிடணும். ஆத்தக் குறுக்க கடக்காதீங்க, பாலம் இருந்தா பாலத்துல மட்டும்.

தெக்குக் கரைல அம்ப்யூன்னு ஒரு பாதை, ஆறே பாறைக் குவியலுக்கு அடில மறைஞ்சு போற இடத்துல முடியும், ரொம்ப அழகு. ஆனா தண்ணி எங்க பாறைக்குள்ள இழுக்குதுன்னு மேல இருந்து பாத்தாத் தெரியாது, அந்தப் பக்கம் குளிக்கவே கூடாது. அங்கிருந்து மேல ரோட்டுக்கு விதால்னு ஒரு குறுக்கு வழி இருக்கு, கேபிளப் பிடிச்சு கிட்டத்தட்ட செங்குத்தா ஏறணும். சீக்கிரம் கீழ போயிடலாம்னு அதுல இறங்காதீங்க, அது ஏறுறதுக்கு மட்டும்தான், அதுவும் உயரம்னா தலை சுத்தாதவங்களுக்கு. சின்னப் பிள்ளைங்களோட வர்றவங்க இந்த ரெண்டையும் விட்டுட்டு கின்சோன் பக்கம் போங்க, அங்க ஆழம் கம்மி, பழைய வாய்க்காலோரமா நடக்குற பாதை இருக்கு.

ஜூலை ஆகஸ்ட்ல ரூம் போட்டுட்டோமேன்னு கண்ண மூடிட்டு கிளம்பிடாதீங்க. காட்டுத்தீ அபாயம் இருக்க நாள்ல காட்டுக்குள்ள போறதுக்கே தடை போடுவாங்க, முந்தின நாள் சாயங்காலமே மேப் வெளியிடுவாங்க. ஆத்துக்கு வடக்குக் கரை ஒரு மாவட்டம், தெக்குக் கரை வார்ங்குற இன்னொரு மாவட்டம், ரெண்டுக்கும் தனித்தனி மேப், நீங்க போற கரையோடத பாருங்க. சிகரெட், கேஸ் அடுப்பு, டீ போடுறது எதுவுமே வேணாம். குரங்கணில 2018ல என்ன நடந்துச்சுன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

மேல மலைப் பக்கம் போறவங்களுக்கு வேற மாதிரி தப்பு. எகீன் ஊர்ல இருந்து க்ரான் மார்ஜெஸ் ஏறலாம், 1577 மீட்டர், உச்சில நின்னா ஒரு பக்கம் சேன்ட் க்ருவா ஏரி, இன்னொரு பக்கம் கேன்யன். வடக்கால மூர் த ஷானியே 1930 மீட்டர். ரெண்டுலயும் மேல போகப் போக மரம் கிடையாது, வெட்ட வெளி. கோடைல காலைல பளிச்சுன்னு இருந்துட்டு மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வரும், அதனால பன்னெண்டு மணிக்குள்ள உச்சியத் தொட்டுட்டு இறங்க ஆரம்பிச்சிடணும், இன்னும் அரை மணி நேரம்தானேன்னு மேகம் கறுக்குறப்ப ஏறக்கூடாது. சுண்ணாம்புப் பாறை நனைஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும். மேல இருந்து கல்லத் தூக்கிப் போட்டு சத்தம் கேக்குறத எங்கயும் பண்ணாதீங்க, உங்களுக்குத் தெரியாம கீழ பாறைல ஆள் ஏறிட்டு இருப்பாங்க.

மேய்ச்சல் நிலத்துல வெள்ளையா பெருசா நாய் வரும், பாத்தூன்னு சொல்வாங்க, ஓநாய்கிட்ட இருந்து ஆட்டக் காக்குறதுக்கு விட்டிருக்கது. குலைச்சுட்டே ஓடி வந்தா நீங்க ஓடாதீங்க, கத்தாதீங்க, ஸ்டிக்க ஓங்காதீங்க. அப்படியே நின்னு, கண்ணுக்கு நேரா முறைக்காம, மெதுவா பேசுங்க, மோந்து பாத்துட்டு போயிடும். அப்புறம் மந்தைய நல்லா சுத்தி விலகிப் போங்க, நடுவுல பூந்து போட்டோ எடுக்குறதுதான் அதுக்குக் கோவம் வரவைக்கும்.

கடைசியா போன். கேன்யனுக்குள்ள சிக்னல் கிடைக்கும்னு நம்பாதீங்க, மேப்ப ரூம்லயே டவுன்லோட் பண்ணிக்கோங்க, முடிஞ்சா ஐ.ஜி.என்ங்குற பிரெஞ்சு அரசாங்க மேப் நிறுவனம் போடுற 3442 ஓ.டி பேப்பர் மேப் ஒன்னு வாங்கிக்கோங்க. பாதைல வெள்ளையும் சிவப்பும் கோடா போட்டிருந்தா அது பெரிய பாதை, மஞ்சள் கோடு சின்னது, பெருக்கல் குறி போட்டிருந்தா அந்த வழி இல்லன்னு அர்த்தம், அத மதிச்சுத் திரும்பிடுங்க. அவசரம்னா 112. யாருக்காவது அடிபட்டா ஒருத்தர் கூட இருக்கணும், இன்னொருத்தர் சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போயி எந்தப் பாதை, கடைசியா தாண்டின இடம் எது, எத்தன பேர், என்ன அடின்னு சொல்லணும். அதனால தனியா இறங்காதீங்க, மூணு பேரா போனா நல்லது.