செப்பாங்கில் முதல் முறை ஓட்டப் போகிறீர்களா? டயரை இப்படித் தேர்ந்தெடுங்கள்

கிள்ளானிலும் பூச்சோங்கிலும் மைவி, சாகா கார் வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்ததும், அவர்கள் முதலில் கேட்பது "எந்த செமி ஸ்லிக் டயர் (பள்ளக்கோடுகள் குறைந்த, மென்மையான ரப்பர் கொண்ட தட டயர்) வாங்கலாம்?" என்பதுதான். இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்பதே என் பதில். நல்ல சாலை டயர் நான்கு போதும்.

சாலை டயர் பிடிப்பை இழப்பதற்கு முன் கீச்சிடும், மெல்ல வழுக்கத் தொடங்கும். வளைவுக்குள் வேகமாக வந்துவிட்டீர்கள் என்பதை அந்தச் சத்தமே சொல்லிக்கொடுக்கிறது. செமி ஸ்லிக் அப்படியல்ல. உங்கள் தவறுகளை நெடுநேரம் தாங்கிக்கொண்டு, மிக அதிக வேகத்தில் சட்டென்று கைவிடும். புதியவருக்கு இது ஆபத்து. மழை இன்னொரு காரணம். செப்பாங்கில் பிற்பகல் மழை சாதாரணம். பள்ளக்கோடுகள் குறைந்த டயரால் நீரை வேண்டிய அளவு வெளியே தள்ள முடியாது. அதே டயரில்தான் எலைட் நெடுஞ்சாலை வழியாக வீடு திரும்ப வேண்டும்.

முதல் படி: தடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

1999-இல் திறக்கப்பட்ட செப்பாங் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர். 15 வளைவுகளில் 10 வலப்புறம் திரும்புபவை. வலப்புறம் திரும்பும்போது காரின் எடை இடப்பக்கம் சாயும். மைவி போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் இடது முன் டயர்தான் அதிகம் உழைக்கும், முதலில் தேய்வதும் அதுவே. வெயில் நாளில் தாரின் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

இரண்டாம் படி: டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள்

பல டயர்களில் தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் 'டிரெட்வேர்' என்ற எண் இருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் பொதுவாக மென்மையாக இருக்கும். பிடிப்பு கூடும், ஆயுள் குறையும். முதல் சில ஓட்டங்களுக்கு 300 அளவில் உள்ள டயர் பொருத்தமானது. யோகோஹாமா நியோவா ஏடி09, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் போன்றவை 200 வகை. டோயோ ஆர்888ஆர் 100. இந்த எண்ணைத் தயாரிப்பாளரே தம் சோதனையை வைத்துக் குறிப்பதால், இரண்டு நிறுவனங்களின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

அடுத்து நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி. 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பல ஆண்டு கிடப்பில் இருந்த டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழைய டயரில் பள்ளங்களைப் புதிதாக வெட்டி விற்பதும் நடக்கிறது. அதன் பக்கமே போகாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

அளவை மாற்ற வேண்டாம். மைவி 1.5-க்கு 185/55 ஆர்15 என்றால் அதுவே போதும். நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: காற்றழுத்தம்

டயருக்குச் செலவழிக்கும் பணத்தில் சிறு பங்கை நல்ல அழுத்தமானிக்கு ஒதுக்குங்கள். இதைவிடப் பயனுள்ள செலவு இல்லை.

காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். சில சுற்றுகள் ஓட்டிவிட்டு உள்ளே வந்ததும், சூடு ஆறுவதற்குள் அளந்து பாருங்கள். 6 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அல்லது அதற்கு மேலும் ஏறியிருக்கலாம். சிறிய கார்களுக்குச் சூட்டில் 34 முதல் 36 வரை என்பது நல்ல தொடக்கம், மிகுதியை வெளியேற்றுங்கள்.

பிறகு டயரைப் பாருங்கள். பக்கச்சுவரின் மேல் விளிம்பில் சிறு முக்கோணக் குறி இருக்கும். தேய்மானம் அதைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் டயர் மடிந்து ஓடுகிறது: 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். குறிக்கு வெகு மேலேயே நின்றுவிட்டால் சற்றுக் குறைக்கலாம். சுண்ணக்கட்டியால் விளிம்பில் கோடு போட்டால் எதுவரை அழிந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் நான்கு எண்களையும் எழுதி வையுங்கள்.

நான்காம் படி: ஓட்டும்போது

நான்கைந்து சுற்றுகளிலேயே 25 கிலோமீட்டர் ஆகிவிடும். சாலை டயருக்கு அது போதும். ஸ்டியரிங் மந்தமாகி, கார் வளைவில் வெளியே தள்ளத் தொடங்கினால் ரப்பர் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. ஒரு சுற்று மெதுவாக ஓட்டி உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் கைப்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள், சூடான பிரேக்குக்கு அது நல்லது.

கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. சூட்டில் வெளியேற்றிய காற்று, டயர் குளிர்ந்ததும் குறையாகத் தெரியும். மீண்டும் பழைய அளவுக்கு நிரப்புங்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அந்த டயரில் நெடுஞ்சாலை ஏறக் கூடாது. இடது முன் டயர் மட்டும் தேய்ந்திருந்தால் வலதுடன் மாற்றலாம். ஆனால் பக்கச்சுவரில் சுழற்சி அம்புக்குறி உள்ள டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் பொருத்தாமல் பக்கம் மாற்றக் கூடாது. பட்டறையில் இதை நீங்களே நினைவூட்டுங்கள்.