ஹெபடைடிஸ் பி ஊசி: மூணாவது டோஸ மறந்துட்டீங்களா?
கல்லீரல தாக்குற ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி பெரியவங்களுக்கு வழக்கமா மூணு டோஸ், இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. நெறைய பேரு மூணாவத கோட்டை விட்டுடறோம், நானும்தான், ரெண்டு வருஷம் கழிச்சு பழைய ஃபைல்ல சீட்டு கெடச்சப்பதான் ஞாபகமே வந்துச்சு. மொதல்ல இருந்து போடணுமோன்னு நெனச்சேன், தேவையே இல்ல, விட்ட எடத்துலருந்து மிச்சத்த போட்டா போதும்.

ஊசிய மேல்கையிலதான் போடணும், இடுப்புல போட்டா எதிர்ப்பு சக்தி சரியா வராது, அதனால கூச்சப்படாம சட்டைக்கைய மடிச்சு விட்டுடுங்க. மெடிக்கல்ல நீங்களே வாங்கிட்டு போறதா இருந்தா மருந்து 2-லருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், கூலிங் வேணும்னு ஃப்ரீசர்ல வச்சுடாதீங்க, ஒருவாட்டி ஒறஞ்சிடுச்சுன்னா உருகினாலும் அது வேஸ்ட்டுதான்.

பொறந்த கொழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள்ள மொத டோஸ், தொடையில. அம்மாவுக்கு கர்ப்பத்துலயே ஹெச்பிஎஸ்ஏஜி டெஸ்ட் (ஹெபடைடிஸ் பி தொற்று இருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட்) பாத்துடுங்க, பாசிட்டிவ்னா கொழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் (ரெடிமேடா எதிர்ப்பு சக்தி குடுக்கறது) சேத்து போடணும், அத முன்கூட்டியே டாக்டர்கிட்ட பேசி ரெடியா வச்சுக்கணும், பிரசவ நேரத்துல அலைய முடியாது.

ஆஸ்பத்திரி, லேப்ல வேலை பாக்கறவங்க கடைசி டோஸ் முடிஞ்சு 1-2 மாசத்துல ஆன்டி ஹெச்பிஎஸ் டெஸ்ட் (ஊசியால எதிர்ப்பு சக்தி வந்திருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட்) எடுங்க, அளவு 10 mIU/mL-க்கு கொறையாம இருக்கணும்.