வெப்பம் எந்த வழியாகப் போகிறது? இரண்டு ஐஸ் கட்டிகளோடு தொடங்கலாம்

வெப்பம் தானாகப் போகும்போது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். அதற்கு மூன்று வழிகள்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. மூன்றையும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முதல் சோதனையை அவசரப்படாமல் செய்யுங்கள். அது புரிந்தால் மற்றவை எளிது.

படி 1: கடத்தல்

கனமான அலுமினியத் தட்டு ஒன்றையும் மரப்பலகை ஒன்றையும் குளிர்ச்சியான அறையில் சில மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டையும் தொட்டுப் பாருங்கள். தட்டு சில்லென்று இருக்கும், பலகை அப்படி இருக்காது. இப்போது ஒரே அளவுள்ள ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றின் மேலும் வையுங்கள். எது முதலில் உருகும்? பலகையில் இருப்பதுதான் என்று தோன்றும். ஆனால் தட்டில் இருப்பதுதான் வேகமாகக் கரையும்.

உண்மையில் தட்டும் பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருந்தன. நம் கை வெப்பநிலையை அளப்பதில்லை. தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான் உணர்கிறது. கையிலிருந்து வெப்பத்தை விரைவாக எடுத்துக்கொண்ட அதே தட்டு, ஐஸுக்கு விரைவாகக் கொடுக்கவும் செய்கிறது. இப்படிப் பொருள் இடம் மாறாமல் அதன் வழியே வெப்பம் பரவுவதுதான் கடத்தல். உலோகத்துக்குள் தடையின்றி உலவும் எலக்ட்ரான்கள்தான் இந்த வேகத்துக்குக் காரணம். அலுமினியத்தின் வெப்பக் கடத்துத்திறன், மீட்டருக்கு ஒரு கெல்வினுக்குச் சுமார் 235 வாட். மரத்துக்கு 0.1 முதல் 0.2 வரைதான். எவர்சில்வர் தட்டு வேண்டாம். அதற்கு 15 அளவுதான், வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரியாது.

படி 2: சலனம்

குறுகிய வாயுள்ள சிறு புட்டியில், கை பொறுக்கும் சூட்டில் மை கலந்த நீரை நிரப்புங்கள். பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் இருக்கும் குளிர்ந்த நீருக்குள் அதை மெதுவாக இறக்குங்கள். மை நீர் புகைபோல மேலே எழும். சூடான நீர் விரிவடைந்து அடர்த்தி குறைவதால், வெப்பத்தையும் சுமந்துகொண்டு மேலே போகிறது. திரவத்திலும் வாயுவிலும் மட்டுமே இது நடக்கும்.

படி 3: கதிர்வீச்சு

எரியும் குண்டு பல்புக்குக் கீழே, தொடாமல், கையை நீட்டுங்கள் (எல்.இ.டி. உதவாது). சூடேறிய காற்று மேலேதான் போகும், காற்று வெப்பத்தை நன்றாகக் கடத்துவதும் இல்லை. அப்படியும் கை சுடுகிறதே! நடுவே அலுமினியத் தாளைப் பிடியுங்கள், சூடு சட்டென்று நின்றுவிடும். பல்பிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள்தான் கையைச் சுடுகின்றன. அவை வர எந்தப் பொருளும் நடுவே தேவையில்லை. 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைத் தாண்டி, சுமார் 8 நிமிடம் 20 விநாடியில் சூரிய வெப்பம் நம்மை அடைவதும் இப்படித்தான். 1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளி நிறங்களாகப் பிரிந்து தெரியும் நிறமாலையில் சிவப்புக்கு அப்பால் வைத்த வெப்பமானி ஏறுவதைக் கண்டே இக்கதிர்களை அறிந்தார்.

படி 4: மூன்றையும் தடுத்தல்

விஞ்ஞானி ஜேம்ஸ் டீவர் 1892இல் உருவாக்கிய குடுவைதான் இன்றைய ஃபிளாஸ்க்கின் மூலம். இரட்டைச் சுவருக்கு நடுவே உள்ள வெற்றிடம் கடத்தலையும் சலனத்தையும் தடுக்கிறது. வெள்ளிப் பூச்சு கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. மிச்சக் கசிவு பெரும்பாலும் கழுத்திலும் மூடியிலும்தான். சரி, வெந்நீரை ஊற்றி, ஒருமுறை மூடியோடும் ஒருமுறை மூடியில்லாமலும் வைத்து, அரை மணிக்கு ஒருதரம் வெப்பநிலையைக் குறித்து வாருங்கள்.