எழுதியதைக் கொடுத்து ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால்

குன்னூரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறேழு பேர் கூடி, எழுதியதை ஒருவருக்கொருவர் படிக்கக் கொடுப்போம். ஆரம்பத்தில் ஒரு அக்கா, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், தன் அம்மாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். நான் சிவப்புப் பேனாவால் ஒற்றுப்பிழை அத்தனையையும் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன், அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து மாதம் அவர் வரவேயில்லை. இப்போதும் அது உறுத்துகிறது.

யாராவது எழுதியதைப் படிக்கக் கொடுத்தால், முதலில் அவரிடம் ஒன்று கேளுங்கள்: இது முதல் வரைவா, இதழுக்கு அனுப்பப் போவதா? முதல் வரைவென்றால் சந்திப்பிழையைத் தொடவே வேண்டாம், நாளைக்கு அந்தப் பத்தியே இல்லாமல் போகலாம். அப்புறம் பேனா இல்லாமல் ஒருமுறை முழுசாகப் படியுங்கள்.

இரண்டாம் முறை படிக்கும்போது எங்கே மனசு நின்றது, எங்கே கவனம் விலகியது, எந்த வரியைத் திரும்பிப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ‘நல்லா இருக்கு’, ‘போரடிக்குது’ இரண்டுமே உதவாது. ‘மூன்றாம் பக்கத்தில் கூடையை இறக்கியது மகளா அம்மாவா என்று குழம்பிவிட்டேன்’ என்றால் எழுதியவருக்குத் திருத்த ஓர் இடம் கிடைக்கிறது. பாராட்டையும் அதே மாதிரி, எந்த வரி என்று காட்டிச் சொல்லுங்கள்.

அவருடைய சொல்லை எடுத்துவிட்டு உங்கள் சொல்லைப் போடாதீர்கள். ‘கவாத்து’ என்று அக்கா எழுதியிருந்ததை ‘கிளை வெட்டுதல்’ என்று நான் மாற்றியிருந்தேன். தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்குத் தோட்டத்தில் எல்லோரும் சொல்வது கவாத்துதான். தெரியாத சொல் வந்தால் அடிக்காமல் கேளுங்கள்.

தகவல் பிழை வேறு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு தம்பியின் கதையில் 2012இல் மலைச்சரிவு முழுக்க நீலக்குறிஞ்சி பூத்திருந்தது. 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் அது இங்கே பரவலாகப் பூத்தது 2006இலும் 2018இலும். வேறு வருஷங்களில் பூக்கும் குறிஞ்சி வகைகளும் உண்டு என்பதால், ‘இது எந்தக் குறிஞ்சி தம்பி?’ என்று மட்டும் கேட்டேன். யோசித்துவிட்டுக் கதையையே 2006க்கு நகர்த்தினார்.

அந்த அக்கா திரும்பி வந்தபோது அதே நான்கு பக்கம்தான் கையில் இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, ‘இலை எடை போடுற இடத்துல அம்மா ஏன் பேசாமலே நிக்கிறாங்க?’ என்று கேட்டேன். அரைமணி நேரம் சொன்னார், அதில் எதுவுமே தாளில் இல்லை. ‘இதை எழுதிட்டு வாங்கக்கா’ என்றேன். அடுத்த மாதம் ஒன்பது பக்கம் வந்தது.